சாம்பல் நிற ஜன்னலுக்குச் சான்றிதழ்

ஜன்னல் என்பது பார்ப்பதற்காக ஏற்பட்டது என்று நம்மிடையே நெடுங்காலமாக ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. நன்றாகப் படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. எதிர்வீட்டுச் சண்டையைக் கவனிக்கவும், வரக் கூடாத விருந்தாளி தெருமுனையில் திரும்பும்போதே விளக்கை அணைத்துவிடவும் ஜன்னல்கள் உதவியிருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவையெல்லாம் ஜன்னலின் உபதொழில்கள். போக வேண்டியதைப் போகவிட்டு, வர வேண்டியதை வரவிடுவதுதான் அதன் மூலத்தொழில். எது போக வேண்டும், எது வர வேண்டும் என்பது ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். மனிதக் கண்ணுக்கு அகப்படும் வெளிச்சம், மொத்த வெளிச்சத்தில் ஓர் ஓரத்துத் துணுக்கு. அகப்படாததுதான் அதிகம். அதற்கென்றும் ஜன்னல்கள் உண்டு. அவற்றில் சில வழியே நாம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது அவற்றின் குற்றம் அல்ல.

இந்தச் சாதாரண உண்மையை ஓர் அலுவலகத்துக்கு எடுத்துச் சொல்லப் போய், பூச்சக்கா என்ற பெண்மணி படாத பாடு பட்டார்.

பூச்சக்கா என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. அவர் வேலை பூசுவது. அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் மூத்தவர். ஆகவே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள், “அக்கா, எங்க வீட்டு கேட்டுக்கும் ஒரு கை பூசிக் குடுங்களேன்” என்று கேட்பது வழக்கம். அவரும் சளைக்காமல், “உங்க கேட்டை என் சட்டிக்குள்ள நுழைச்சிட்டீங்கன்னா பூசித் தரேன்” என்பார்.

சட்டி என்று அவர் சொன்னது, இடுப்புயரத்துக்கு நின்ற ஓர் எஃகுக் கலத்தை. அதற்குள் சின்னச் சின்ன வட்ட வில்லைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மூடி, பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சி எடுப்பார். அதற்கே அரை நாள் ஆகும். பிறகு அடியில் இருக்கும் சிறிய உலோகக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை துத்தநாக சல்பைடைச் சூடாக்குவார். அது ஆவியாகி மேலே போய் வில்லையில் படியும். எவ்வளவு படிய வேண்டும்? ஒரு தலைமுடியின் பருமனை இருநூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அரைக் கூறு கூடினாலும் வீண், குறைந்தாலும் வீண். அடுப்பில் பாலை வைத்தவள் கண்ணை எடுக்காமல் நிற்பாளே, அப்படி அளவுமானியையே பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. தும்மினால் முறைப்பு வரும். கையுறை இல்லாமல் வில்லையைத் தொட்டால் என்ன வரும் என்பதை அனுபவித்தவர்கள் வெளியில் சொல்வதில்லை.

நிலையம் பெரியது. ஒரு பக்கம் ஆய்வுக்கூடங்கள், மறுபக்கம் கொதிகலன் கூடம், நடுவில் நிர்வாகக் கட்டடம். எல்லாவற்றுக்கும் அடியில், எரிவாயுக் குழாய் ஓடும் சுரங்கம். அந்தச் சுரங்கத்தில் பகல் முழுக்கக் குனிந்தபடி நடந்து, திருகுகளை முறுக்கி, மூட்டுகளைத் தட்டிப் பார்க்கும் குழாய்ப் பொருத்துநர்தான் பூச்சக்காவின் கணவர்.

சுரங்கத்தின் வாயிலில் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு லேசர் கதிர், கண்ணுக்குத் தெரியாமல் புறப்பட்டு, சுரங்கத்தின் கடைக்கோடியில் இருக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். வழியில் எரிவாயு கசிந்திருந்தால் அது அந்தக் கதிரில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எவ்வளவு குறைந்து வந்திருக்கிறது என்று பெட்டி கணக்குப் பார்த்து, அளவு மீறினால் ஊரைக் கூட்டிவிடும். பெட்டியின் முகப்பில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஜன்னல். அது ஜெர்மானியம் என்ற தனிமத்தால் ஆனது. பார்ப்பதற்குச் சாம்பல் நிறத்தில், தேய்த்து வைத்த உலோகம் மாதிரி பளபளவென்று இருக்கும். நம் கண்ணுக்கு அது சுவர். அந்தக் கதிருக்கோ வாசல். ஆனால் சும்மா வைத்தால் பாதிக்கு மேற்பட்ட கதிர் வாசலிலேயே முகம் திருப்பிக்கொண்டு போய்விடும். பூச்சக்கா இரண்டு பக்கமும் பூசிக் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு உள்ளே போகும்.

ஒருநாள் விளக்கு மாற்ற வந்தவர் தூக்கிக்கொண்டு போன ஏணி இடித்து, அந்த ஜன்னல் இரண்டாகப் பிளந்தது. பெட்டி குருடானது.

நிர்வாகம் வாளாவிருந்தது என்று யாரும் குறை சொல்ல முடியாது. மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது: ‘கசிவறியும் பெட்டி பழுதுற்றபடியால், மறு உத்தரவு பிறப்பிக்கப்படும்வரை, சுரங்கப் பணியிலுள்ள குழாய்ப் பொருத்துநரின் மூக்கு மேற்படி பெட்டிக்கு மாற்றுக் கருவியாகக் கருதப்படும்.’ கருவிகள் பதிவேட்டில் நூற்றுப் பதினேழாம் எண்ணில் மூக்கு ஏறியது. எண்ணிக்கை: ஒன்று. நிலை: நன்று. இருப்பிடம் என்ற கட்டத்தில் ‘முகம்’ என்று எழுதியிருந்தார்கள்.

நான்காம் நாள் மூக்கு அடைத்துக்கொண்டது.

“ஜலதோஷம், ரெண்டு நாள் லீவ் வேணும்னு கேட்டேன்” என்றார் கணவர், சாப்பாட்டு மேசையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே. “கருவிக்கெல்லாம் லீவ் கிடையாதாம். வேணும்னா நீ வீட்டுக்குப் போ, மூக்கை விட்டுட்டுப் போங்கறாங்க.”

“விட்டுட்டு வர வேண்டியதுதானே. ராத்திரி குறட்டையாவது இருக்காது.”

“சிரி, சிரி. இப்ப நான் குடிச்சது டீயா காபியான்னே எனக்குத் தெரியல.”

“ரெண்டும் இல்ல, கஷாயம்.” பூச்சக்கா சிரித்துவிட்டு, திடீரென்று நிறுத்தினார். “ஏங்க, இப்ப கீழ கசிஞ்சா எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“தலை சுத்தும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, உக்காந்துடுவேன்” என்றார் கணவர், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபடி.

 மறுநாள் காலையில் பூச்சக்கா எல்லோருக்கும் முன்பாகவே நிலையத்துக்குப் போய், அலமாரியில் இருந்த ஒரே ஒரு ஜெர்மானிய வில்லையை எடுத்து, துடைத்து, சட்டியில் தொங்கவிட்டு, பம்பைப் போட்டார். ஒன்றரை நாளில் புது ஜன்னல் தயார். இனிமேல் அதைப் பெட்டியில் பொருத்த வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதற்கு முன்னால், நிலையத்துக்குள் பொருத்தப்படும் எந்த ஜன்னலும் சோதனைப் பிரிவைக் கடந்து வர வேண்டும்.

சோதனைப் பிரிவின் அதிகாரி நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். லஞ்சம் என்றால் காதைப் பொத்திக்கொள்வார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ‘கதவு, ஜன்னல், காற்றுப்போக்கிகள் சோதனை விதிகள்’ என்ற புத்தகமும், அதில் நாலாவது விதியும்தான். மற்ற விதிகள் கதவுகளைப் பற்றியவை. கதவு உடைவது அபூர்வம். எதைக் கேட்டாலும் நாலாம் விதியிலிருந்தே ஆரம்பிப்பார் என்பதால் அவருக்கு நாலாம்விதியார் என்று பெயர். நாலாம் விதி மூன்று கட்டளைகள் இடுகிறது. ஜன்னலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். அன்றைய செய்தித்தாளின் மிகச் சிறிய எழுத்துகளை அதன் வழியே வாசிக்க வேண்டும். பூச்சு இருந்தால், அதன் கனத்தைத் திருகுமானியால் அளக்க வேண்டும்.

வில்லை தொட்டியில் ஊறிய கால் மணி நேரமும் பூச்சக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுவி எடுத்த நாலாம்விதியார் அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, மறுகையில் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

“என் மூஞ்சிதான்மா தெரியுது.”

“தெரியும்ங்க. அது அப்படித்தான்.”

“நான் தப்பாச் சொல்லல. மூஞ்சி நல்லாவே தெரியுது. ஆனா நியூஸ் தெரியலையே.”

“லேசர் பேப்பர் படிக்காதுங்க.”

“அது லேசரோட தகுதி. நான் பார்க்கிறது ஜன்னலோட தகுதி. லேசருக்கு வேற செக்‌ஷன் இருக்கு.”

“சார், இது நம்ம கண்ணுக்கான ஜன்னலே இல்ல. அந்த வெளிச்சம் வேற.”

“வேறன்னா, அந்த வெளிச்சத்துல ஒரு பேப்பர் அச்சடிச்சுக் கொண்டுவாங்க. படிச்சிடறேன்.” அவர் கேலி செய்யவில்லை. மனப்பூர்வமாக ஒரு வழி சொன்னார். பிறகு படிவத்தைப் பார்த்தார். “பூச்சுன்னு எழுதியிருக்கீங்க. எங்க?”

“ரெண்டு பக்கமும் இருக்குங்க.”

நாலாம்விதியார் திருகுமானியை எடுத்து அளந்தார். ஓரத்தில், நடுவில், மறுபடி ஓரத்தில். “கருவியில ஒண்ணும் ஏறலையேம்மா. எத்தனை லிட்டர் ஆச்சு?”

“லிட்டர் இல்லைங்க. ஒரு சிட்டிகை.”

“சதுர மீட்டருக்கு எத்தனை சிட்டிகை?”

 நாலாம்விதியார் வருத்தத்தோடு எழுதினார்: ‘ஜன்னல்: காணப்படவில்லை. பூச்சு: காணப்படவில்லை. பெறப்பட்டது: உலோக வட்டம் ஒன்று, சுத்தமானது.’

நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். கீழே ஒரு மூக்கு அடைபட்டுக் கிடந்ததால் பூச்சக்காவால் அது முடியவில்லை. அலமாரியைக் குடைந்தார். துத்தநாக செலினைடில் ஒரு வில்லை இருந்தது. அந்தக் கதிரையும் விடும், கண்ணுக்கும் தெரியும். ஆனால் அது மஞ்சள். நாலாம்விதியார் வாசலிலேயே பார்த்துவிட்டு, “இதுக்குக் காமாலை வந்திருக்கும்மா, முதல்ல அதைக் குணப்படுத்துங்க” என்று அனுப்பிவிட்டார்.

கடைசியில் அகப்பட்டது, ஈரம் உறிஞ்சும் மணிகளுக்கு நடுவே மூடிய ஜாடியில் வைத்திருந்த உப்பு வில்லை. ஆமாம், உப்புதான். கல் உப்பைப் பெரிதாக வளர்த்து, வில்லையாக அறுத்து மெருகிட்டால் கண்ணாடியைப் போலத் தெளிவாக இருக்கும். கண்ணுக்குப் படும் வெளிச்சமும் போகும், படாததும் போகும். ஆய்வுக்கூடங்களில் இது சகஜம். சுரங்கத்து ஈரத்தில் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது என்று பூச்சக்காவுக்குத் தெரியும். அந்த ஒரு வாரமே இப்போது பெரிது. ‘தண்ணீர் படக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு எழுதி, வில்லையோடு சேர்த்துச் சோதனைப் பிரிவின் மேசையில் வைத்துவிட்டு, வேறு வேலையாகப் போனார்.

நாலாம்விதியார் சீட்டை வாசித்தார். அது எந்தப் படிவத்திலும் இல்லாததால் தனியே எடுத்து வைத்தார். வில்லையைத் தொட்டியில் போட்டார். கால் மணி நேரம் கழித்துத் தேய்ப்பதற்காகக் கைவிட்டபோது தொட்டியில் தண்ணீர்தான் இருந்தது.

சாயங்காலம் பூச்சக்காவுக்கு ஒரு குறிப்பாணை வந்தது: ‘சோதனைக்கு ஒப்படைத்ததாகத் தாங்கள் கூறும் ஜன்னல் தொட்டியில் காணப்படவில்லை. இல்லாத பொருளைச் சோதனைக்கு உட்படுத்தியது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’

பூச்சக்கா அதன் கீழேயே எழுதி அனுப்பினார்: ‘தொட்டித் தண்ணீரை ஒரு துளி நாவில் வைத்துப் பார்க்கவும்.’

நாலாம்விதியார் நேர்மையானவர், வைத்துப் பார்த்தார். மறுநாள் நடைபாதையில் எதிர்ப்பட்டபோது குரலைத் தாழ்த்தி, “கரிக்கத்தான்மா செஞ்சது. சோப்பும் இருந்துச்சு” என்றார். “ஆனா ருசிக்கு ஃபாரத்துல கட்டம் இல்லையே.” அவர் முகத்தில் உண்மையாகவே கவலை தெரிந்தது. “நீங்க கஷ்டப்படறதைப் பார்த்தா எனக்கே மனசு கேக்கல. நானே ஸ்டோர்ல சொல்லி ஒரு ஜன்னல் ஏற்பாடு பண்றேன்.”

ஏற்பாடு பண்ணினார். கெட்டியான, அருமையான கண்ணாடி. ஊறியது, தேய்பட்டது, அதன் வழியே நாலாம்விதியார் காணாமல் போன நாய் பற்றிய விளம்பரத்தைக் கமா விடாமல் வாசித்தார். அன்றே பெட்டியில் பொருத்தப்பட்டது.

கண்ணாடிக்கு ஒரு குணம். நம் கண்ணுக்கு எவ்வளவு தாராளமோ, அந்தக் கதிருக்கு அவ்வளவு கறார். ஒரு துளியைக்கூட விடாது. பெட்டியிலிருந்து போன கதிர் எதுவும் திரும்பி வரவில்லை. அளக்க ஒன்றுமே இல்லாததால் பெட்டி தன் திரையில் ஒரு சிறு கோடு மட்டும் காட்டியது. பதிவேட்டிலோ கோடு போட வழியில்லை. எண்தான் எழுத வேண்டும். கோட்டுக்கு மிக நெருங்கிய எண் எது என்று ஆலோசித்து, பூஜ்யம் என்று எழுதினார்கள்.

ஒரு வாரம் பூஜ்யம். பூச்சக்கா இயக்குநரைப் போய்ப் பார்த்தார்.

இயக்குநர் நவீனமானவர். புதிதாக எது வந்தாலும் முதலில் தன் அறைக்கு வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கால் வைத்தால் சுற்றும் நாற்காலி, கை தட்டினால் எரியும் விளக்கு, எதற்கென்று தெரியாமல் கொப்பளிக்கும் ஒரு நீர்க்குடுவை எல்லாம் அங்கே இருந்தன.

“சார், அந்தக் கண்ணாடி கதிரை விடாது. பெட்டி ஒண்ணையும் பார்க்கல.”

“இத்தனை வருஷத்துல முதல் தடவையா கசிவு பூஜ்யம்மா. மேலிடத்துலேர்ந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கு. உங்களுக்கு அதுல என்ன வருத்தம்?”

“அது பூஜ்யம் இல்ல சார், கோடு.”

“கோட்டை வளைச்சா பூஜ்யம்தானே” என்று இயக்குநர் விரலால் காற்றில் வளைத்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற இரண்டு துணை இயக்குநர்களும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் கணவருக்கு ஜலதோஷம் விட்டது. மூக்கு திறந்த முதல் நாளே சுரங்கத்தில் வாயு வாசனை அடிக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். ஆக, ஒரே இடத்தில் இரண்டு கருவிகள், இரண்டு அளவுகள். பெட்டியின் ஜன்னலுக்குச் சான்றிதழ் இருந்தது, மூக்குக்கு இல்லை. ‘வரிசை எண் நூற்றுப் பதினேழு தவறான அளவு காட்டுவதால், பழுது நீக்கப்படும்வரை அதன் பயன்பாடு தடை செய்யப்படுகிறது’ என்று உத்தரவு வந்தது.

“அப்போ மூச்சு விடலாமா?” என்று கணவர் கேட்டாராம்.

“தாராளமா விடலாம். முகரக் கூடாது” என்றார்களாம்.

இதை அவர் வீட்டில் வந்து நடித்துக் காட்டினார். முகராமல் மூச்சு விடுவது எப்படி என்று மேசையைச் சுற்றி நடந்து காட்டினார். பூச்சக்காவுக்கும் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே, “நாளைக்குப் போகாதீங்க” என்றார்.

“போகலைன்னா வேற யாரையாவது அனுப்புவாங்க. அவனுக்கு எந்த மூட்டு லொடலொடன்னு இருக்குன்னுகூடத் தெரியாது.”

பூஜ்யத்தின் மேல் இயக்குநருக்கு அபார நம்பிக்கை பிறந்துவிட்டது. தன் அறைக்குப் பக்கத்தில் விருந்தினர் கூடம் ஒன்று வேண்டும் என்று அவருக்கு நெடுநாளாக ஆசை. அந்த இடத்தில் சோதனைப் பிரிவு இருந்தது. கசிவே இல்லாத சுரங்கத்தை ஒட்டிக் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அறை காலியாக இருக்கும்போது, சோதனைப் பிரிவு மேலே ஏன் இடத்தை அடைக்க வேண்டும்? திங்கட்கிழமை நாலாம்விதியார் தன் தொட்டி, திருகுமானி, விதிப் புத்தகம் சகிதம் கீழே குடிபோனார்.

புதன்கிழமை மத்தியானம் பூச்சறையின் கதவு தட்டப்பட்டது. நாலாம்விதியார் உள்ளே வந்து, கதவைத் தாழிட்டு, சட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, கீழ ஒரு மாதிரி வாசனை வருது.”

“பெட்டி என்ன சொல்லுது?”

“பூஜ்யம்.”

“அப்போ வாசனை வராதுங்களே.”

“நேத்து வீட்டுக்குப் போனா என் பொண்ணு, ‘அப்பா, சட்டையைக் கழட்டி வெளியில போடுங்க, அடுப்பு அணைஞ்ச நாத்தம் வருது’ங்கறா. எனக்கு ரெண்டு நாளா தலைவலி.” அவர் தொண்டையைச் செருமினார். “அந்த உலோக வட்டம் இன்னும் உங்ககிட்ட இருக்கா?”

“ஜெர்மானியம். இருக்கு.”

“அதை மாட்டினா?”

“பெட்டிக்குக் கண்ணு வந்துடும். ஆனா உங்களுக்கு அதுல நியூஸ் தெரியாதே.”

 வாழ்நாளில் நாலாம்விதியார் ஒரு விதியையும் மீறியதில்லை. இப்போதும் மீறுவதாக இல்லை. “அன்னைக்கு நான் அவசரத்துல பார்த்திருப்பேன்” என்றார். “நிதானமாப் பார்க்கறேன், குடுங்க.”

பூச்சக்காவே சோப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரம் இருவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி ஊறலுக்குக் காத்திருந்தார்கள். பிறகு நாலாம்விதியார் ஒரு கண்ணை மூடி, மறுகண்ணுக்கு முன்னால் சாம்பல் வில்லையைப் பிடித்து, செய்தித்தாளைத் தூக்கினார்.

“நாளை... நகரின் சில பகுதிகளில்... குடிநீர் நிறுத்தம்.”

“அது தலைப்புச் செய்தி. காலையில எல்லாரும் படிச்சதுதான். சின்ன எழுத்து படிக்கணும்ங்க விதிப்படி.”

“இருங்கம்மா.” அவர் நெற்றியில் வேர்த்தது. “வீடு வாடகைக்கு. இரண்டு படுக்கையறை. காற்றோட்டமான... காற்று ரொம்ப நல்லா வர இடம். உடனே குடியேறலாம்.”

“சார், பேப்பர் தலைகீழா இருக்கு.”

“சோதனை ஜன்னலுக்குத்தான்மா, பேப்பருக்கு இல்ல” என்றார் நாலாம்விதியார்.  வில்லையைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தை நிரப்பினார்: ‘மிகச் சிறிய எழுத்துகளும் ஐயமற வாசிக்க முடிந்தது. தெளிவு: மிக நன்று. பூச்சு: போதுமான கனம்.’ பிறகு பேனாவைத் திருப்பிப் பூச்சக்காவிடம் நீட்டினார். “சாட்சிக் கையெழுத்து.”

பூச்சக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக அவர் தன் குறிப்பேட்டில் முடியின் இருநூற்றில் ஒரு கூறுக்குக்கூடப் பொய் எழுதியதில்லை. ஒருமுறை கடைசி எண்ணில் ஒன்று தவறிவிட்டதற்காக முழுச் சட்டியையும் கழுவி மறுபடி பூசியவர். ‘உக்காந்துடுவேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போன மனிதர் நினைவுக்கு வந்தார். கையெழுத்துப் போட்டார்.

வில்லை பொருத்திய நாற்பதாவது நிமிடத்தில் பெட்டி ஊளையிட்டது. நிலையம் மொத்தமும் வெளியே ஓடி வந்து புல்வெளியில் நின்றது. இயக்குநர் தன் சுற்றும் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி இன்னும் இரண்டு சுற்று சுற்றியதாகச் சொல்வார்கள். கணவர் வால்வை மூடி, எந்த மூட்டு என்று தேடாமலே போய், விரிசல் விட்டிருந்த வாஷரை மாற்றினார். சாயங்காலம் பெட்டி உண்மையான, சுத்தமான பூஜ்யத்தைக் காட்டியது. கணவருக்கு இரண்டு நாள் விடுமுறை அனுமதிக்கப்பட்டது. பதிவேட்டில் நூற்றுப் பதினேழு அடிக்கப்பட்டு, ‘உரியவரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது’ என்று குறிக்கப்பட்டது. மூக்கின் சொந்தக்காரர் அதற்குக் கீழே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சான்றிதழும் இயக்குநரின் பார்வைக்குப் போகும் என்று ஒரு நடைமுறை இருந்தது.

வெள்ளிக்கிழமை பூச்சக்காவுக்கு அழைப்பு வந்தது. இயக்குநர் சான்றிதழை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாலாம்விதியார், சுவரோடு சுவராக.

“கீழ போய்ப் பார்த்தேன்மா. வெளியிலேர்ந்து பார்த்தா உள்ள ஒண்ணும் தெரியல. பார்க்கிறவன் மூஞ்சிதான் தெரியுது. ஆனா இவர் எழுதியிருக்கார், அது வழியா வாடகை விளம்பரம்கூடப் படிக்கலாமாம்!” இயக்குநர் எழுந்து ஜன்னலோரம் போனார். “அதாவது, வெளியில இருக்கிறவன் நம்மைப் பார்க்க முடியாது. நாம அவனைப் பார்க்கலாம். ஒரு அதிகாரிக்கு இதைவிட என்னம்மா வேணும்? நம்ம நிலையத்து நாற்பத்தாறு ஜன்னலுக்கும் இதைப் பூச முடியுமா?”

“கண்ணாடி மேலயே ஜெர்மானியத்தைப் படிய வைக்கலாம் சார். ஆனா...”

“ஆனா?”

பூச்சக்கா வாயைத் திறந்தார். நாலாம்விதியாரின் கண்கள் அவரையே கெஞ்சிக்கொண்டிருந்தன. இதன் வழியே யாராலும் எதையும் பார்க்க முடியாது என்று சொன்னால், சான்றிதழ் பொய். சான்றிதழ் பொய்யென்றால், சான்றில்லாத ஜன்னல் பெட்டியிலிருந்து கழற்றப்படும். கெட்டியான, அருமையான கண்ணாடி ஸ்டோரில் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை கணவர் மறுபடி கீழே இறங்குகிறார்.

“ஆனா என்னம்மா? தெரியுமா, தெரியாதா?”

“நல்லாத் தெரியும் சார்” என்றார் பூச்சக்கா.

வேலை மூன்று மாதம் நடந்தது. கண்ணாடிகளைச் சட்டி கொள்ளும் அளவுக்கு அறுத்து, துண்டு துண்டாகப் பூசி, சட்டங்களில் கோத்தார்கள். இயக்குநர் அறைதான் முதலில். திரையை விலக்கியதும் இயக்குநர் அதன் முன் நின்று நெடுநேரம் பார்த்தார். சாம்பல் நிறத்தில், சற்று மங்கலாக, அவரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அற்புதமான காட்சி” என்றார் கடைசியில், கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு. முதல் துணை இயக்குநர், எதிரே இருக்கும் மரம் முன்னைவிடப் பச்சையாகத் தெரிகிறது என்றார். இரண்டாமவர், அதில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது என்றார். “ரெண்டு” என்று இயக்குநர் திருத்தினார். நாலாம்விதியார் செய்தித்தாளோடு வந்திருந்தார். இம்முறை அதை நேராகப் பிடித்திருந்தார். ஒரே மாதத்தில் பக்கத்து நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தோம் என்று எல்லோரும் வருகையேட்டில் எழுதினார்கள்.

உத்தரவில் எந்த அறைக்கும் விலக்கு இல்லை. நாற்பத்தாறாவது ஜன்னல் பூச்சறையுடையது. பூச்சக்கா அதையும் பூசினார். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக, குறை சொல்ல முடியாதபடி வந்திருந்தது.

வாசல் காவலருக்கு இப்போது, வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டு நாளொன்றுக்குச் சராசரியாக முப்பது தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. அவருக்கு ஓர் உதவியாளர் நியமிப்பது குறித்த கோப்பு பரிசீலனையில் உள்ளது.